நாயை உள்ளே விடலாமா என்பதை வாயிற்காவலர் முடிவு செய்ய வேண்டாம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், மணி என்ற ஐந்து வயது நாயுடன் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்திற்கும் சென்றுவரும் தன்னார்வலனாக இம்மடலை எழுதுகிறேன். மணி லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த பிறவி. வீட்டில் நாங்கள் அதை 'அவன்' என்றுதான் சொல்வோம். தங்களுக்கு எழுதும் மடல் என்பதால் இலக்கணத்திற்குக் கட்டுப்பட்டு 'அது' என்றே எழுதுகிறேன். நான் தங்களிடம் பணமோ பாராட்டோ கேட்கவில்லை. நோயாளிகளுக்கு ஆறுதல் தரப் பழக்கப்படுத்தப்பட்ட நாய்கள், அதாவது தெரபி நாய்கள், அரசு மருத்துவமனைகளுக்குள் எப்போது, எங்கே, எந்த நிபந்தனைகளுடன் வரலாம், எங்கெல்லாம் வரவே கூடாது என்பதை வரையறுக்கும் ஓர் அரசாணையைத்தான் கேட்கிறேன்.

தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கும், தீராத நோயாளிகளின் வலியையும் துயரையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சை வார்டுக்கும் ஏழு மாதங்கள் சனிக்கிழமைதோறும் மணியை அழைத்துச் சென்றேன். அனுமதி வாய்மொழியாகவே கிடைத்திருந்தது. அப்போதைய டீன் மணியைச் சில நிமிடம் பார்த்துவிட்டு, "வாங்க, பார்த்துக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லின் பேரில் ஏழு மாதம் ஓடியது. பிறகு அவர் மாற்றலாகிப் போனார். 2025 நவம்பர் 7 அன்று, மருத்துவமனை, பள்ளி, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும் என உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பின் வந்த ஒரு சனிக்கிழமை, மணியின் கழுத்துப்பட்டையையும் என் கையிலிருந்த தடுப்பூசி அட்டையையும் மாறி மாறிப் பார்த்த வாயிற்காவலர், "சார், நாய் உள்ள போகக் கூடாதுன்னு சர்க்குலர் வந்திருக்கு" என்றார். அவர் மீது எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. அந்த நீதிமன்ற ஆணை தேவையானது என்றே கருதுகிறேன். பிரசவ வார்டின் படிக்கட்டில் தெருநாய் படுத்திருப்பதைக் கண்டவர் எவரும் வேறுவிதமாக நினைக்க மாட்டார். ஆனால் அந்த ஆணை பேசியது கேட்பாரற்றுத் திரியும் நாய்களைப் பற்றி. தடுப்பூசி போட்டு, குளிப்பாட்டி, வாரில் பிடித்துக் குறித்த நேரத்திற்கு அழைத்து வரப்படும் நாய்க்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்ல என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. உள்ளே சென்று நிலைய மருத்துவ அலுவலரைக் கேட்டேன். "எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

அன்று மாடியில் எங்களுக்காக ஒருவர் காத்திருந்தார். லாரி ஓட்டுநர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கவாதம் வலக்கையையும் பேச்சையும் பாதித்திருந்தது. இயன்முறை சிகிச்சையாளர் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்தால் இரண்டு முறை அழுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அவருடைய மனைவியைக் கேட்டு, அவரும் தலையசைத்த பிறகு, மணியைக் கட்டிலின் வலப்பக்கம் உட்கார வைத்தோம். நாய்க்கு முடி வாரும் பிரஷை அவருடைய வலக்கையில் ஒரு துணிப்பட்டையால் கட்டினார் சிகிச்சையாளர். முதல் வாரம் நான்கு முறை வாரினார். நான்காவது முறை பிரஷ் பாதி முதுகில் நின்றுவிட்டது. மணி திரும்பி அந்தக் கையை முகர்ந்துவிட்டு மறுபடியும் நேராக உட்கார்ந்துகொண்டது. அவர் பேசத் தொடங்கிவிட்டார் என்று எழுதினால் இம்மடல் இனிக்கும். அப்படி ஏதும் நடக்கவில்லை. ஒன்பதாம் வாரத்தில் நான்கு என்பது பதினொன்றாகியிருந்தது. சனிக்கிழமை காலையில் தாமே சட்டை மாற்றச் சொல்லிச் சைகை காட்டுகிறார் என்று அவர் மனைவி சொன்னார். நாங்கள் வாயிலில் நிறுத்தப்பட்ட அன்று மாலை அந்த அம்மையார் தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "ஏன் சார், இன்னிக்கு மணி வரலியா?"

தெரபி நாய் என்பது பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாயோ காவல்துறையின் மோப்ப நாயோ அன்று. அது ஒரு வீட்டின் வளர்ப்பு நாய். அன்னியர் தொட்டாலும் பதற்றமடையாத இயல்புடையதா என்று சோதித்துத் தேர்ந்த பின், உரிமையாளருடன் வந்து, ஒரு மணி நேரத்திற்குள் வீடு திரும்புவது. இது புது நாகரிகமும் அன்று. நீண்ட நாள் நோயாளிகளுக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று 1859-ஆம் ஆண்டிலேயே எழுதியவர், நம் செவிலியர் கல்லூரிகளில் படமாய்த் தொங்கும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தம் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது பேசாத குழந்தை நெருங்கி வந்ததைக் கண்டு அதைப் பற்றி 1960-களின் தொடக்கத்தில் எழுதினார். சக உளவியலாளர் பலர் அன்று அவரை ஏளனம் செய்தனர். இங்கிலாந்தில் பணிபுரிந்தபோது பாதிரியார் ஒருவருடன் வந்த நாய் நோயாளிகளிடம் ஏற்படுத்திய மாற்றத்தைக் கண்ட அமெரிக்கச் செவிலியர் எலைன் ஸ்மித், 1976-இல் நியூஜெர்சியில் இதற்கென ஓர் அமைப்பையே தொடங்கினார். பிரிட்டனின் 'பெட்ஸ் ஆஸ் தெரபி' 1983-இல் தோன்றியது. நம் நாட்டிலும் மும்பையின் அனிமல் ஏஞ்சல்ஸ் ஃபவுண்டேஷன் பல ஆண்டுகளாக இப்பணியைச் செய்துவருகிறது.

பயன் என்ன என்று தாங்கள் கேட்பது நியாயம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவ மையத்தில் இதயச் செயலிழப்பால் சேர்க்கப்பட்ட 76 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவைத் தன்னார்வலர் நாயுடன் வந்து 12 நிமிடம் பார்த்தார். இன்னொரு குழுவைத் தன்னார்வலர் மட்டும் பார்த்தார். மூன்றாம் குழுவினர் யாரும் வராமல் ஓய்வில் இருந்தனர். நாய் வந்த குழுவினரின் பதற்றம் மற்ற இரு குழுவினரைவிட அதிகமாகக் குறைந்தது. நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தமும், பதற்றத்தின்போது சுரக்கும் அட்ரினலின் அளவும்கூட இறங்கின. இம்முடிவு 2007-இல் வெளியானது. இதை வைத்துக்கொண்டு நாய் நோயைக் குணப்படுத்தும் என்று நான் வாதிட மாட்டேன். அப்படிச் சொல்பவர் எவரையும் தாங்கள் அலுவலகத்திற்குள் விட வேண்டாம். வலியோடும் சலிப்போடும் நீண்ட நாள் படுத்திருப்பவருக்கு ஒரு கால்மணி நேரத்தை இலேசாக்கித் தரும், பயிற்சிக்குக் கை நீட்ட ஒரு காரணத்தைத் தரும் என்ற அளவில்தான் என் கோரிக்கை நிற்கிறது.

இனி எதிர்ப்பக்கம். அதைத் தங்களைவிட நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதுவும் என் தவறால்.

தொடங்கிய இரண்டாம் மாதம், மின்தூக்கி பழுதாகியிருந்ததால் புறநோயாளிகள் பிரிவின் வழியே மணியை நடத்திச் சென்றேன். ஊசி போடும் அறைக்கு வெளியே ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையின் மடியில் உட்கார்ந்திருந்தான், கெண்டைக்காலில் கட்டு. தெருநாய் கடித்து ஏழாம் நாள் ஊசிக்கு வந்திருக்கிறான். மணியைக் கண்டதும் அவன் எழுப்பிய ஓலத்தில் வரிசை முழுவதும் எழுந்துவிட்டது. மணி உடனே தரையோடு படுத்துக்கொண்டது. ஆனால் அது அந்தப் பிள்ளைக்கு எந்த விதத்தில் ஆறுதல்? அவன் தந்தை என்னைத் திட்டிய சொற்களை இங்கே எழுத முடியாது. அத்தனையும் நான் வாங்க வேண்டியவையே.

வெறிநாய்க்கடி நோயால் உலகில் நேரும் இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டிலும் ஆண்டொன்றுக்கு 4 இலட்சத்திற்கும் அதிகமானோர் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெறுகிறார்கள். இலண்டனிலோ நியூஜெர்சியிலோ எழுதப்பட்ட விதிகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு முதற்காரணம் இதுதான். அங்கே நாய் என்றதும் வீட்டுச் செல்லம் நினைவுக்கு வரலாம். இங்கே பலருக்கு இருட்டில் துரத்திய கூட்டம்தான் நினைவுக்கு வரும். எனவே நான் கேட்கும் அரசாணையின் முதல் விதி, நாயை விரும்பாதவருக்கான விதியாக இருக்க வேண்டும். வார்டில் ஒருவர் வேண்டாம் என்றாலும் நாய் அந்த வார்டுக்குள் நுழையக் கூடாது. விரும்பும் நோயாளியைத் தனியறைக்கோ தாழ்வாரத்திற்கோ அழைத்து வர வேண்டும். வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது. அச்சம் காரணமாக இருக்கலாம், ஒவ்வாமையாக இருக்கலாம், ஆசாரமாக இருக்கலாம். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் தூய்மை செய்துகொள்ள வேண்டிய கடமை உடையவர் படுக்கையிலிருந்து எழ முடியாத நிலையில் இருந்தால், மணியின் அன்பு அவருக்குத் துன்பமாகத்தான் முடியும். ஊசி போடும் இடம், அவசர சிகிச்சைப் பிரிவு, புறநோயாளிகள் வரிசை ஆகியவற்றைத் தொடாத தனிப் பாதை ஒன்றை ஒவ்வொரு மருத்துவமனையும் குறித்துத்தர வேண்டும். பாதை இல்லாத மருத்துவமனையில் இந்தச் சேவை வேண்டாம்.

அடுத்தது தொற்று. நாயின் உடலில் ஒட்டிக்கொண்டு ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி போகும் என்பது வெறும் பயம் அன்று. புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளிடையே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. நாயுடன் அதிக நேரம் கழித்த பிள்ளைகளிடம், எளிதில் மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி ஒட்டியிருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வருகைக்கு முன் நாயைக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவால் குளிப்பாட்டி, இடையிடையே அதே மருந்து தோய்ந்த துணியால் துடைத்தபோது அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. நாய்க்குத் தடை போடச் சொல்வதாக நான் இந்த ஆய்வைப் படிக்கவில்லை. எழுதப்பட்ட நடைமுறை ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஏழு மாதமும் மணியை நான் சாதாரண சோப்பால்தான் குளிப்பாட்டினேன். யாரும் என்னிடம் வேறுவிதமாகச் சொல்லவில்லை. சொல்வதற்கென்று யாரும் நியமிக்கப்படவும் இல்லை.

அமெரிக்காவின் மருத்துவமனைத் தொற்றுநோயியல் சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 2018-இல் வெளியிட்ட நெறிமுறையும் இவற்றையெல்லாம் விரிவாகப் பேசுகின்றன. ஒரு வயது நிரம்பாத நாய் கூடாது. நாயைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் நோயாளியும் செவிலியரும் கை சுத்தம் செய்ய வேண்டும். படுக்கையில் நாய் ஏறினால் கீழே தனி விரிப்பு வேண்டும். பச்சை இறைச்சி உண்ணும் நாய்க்கு அனுமதி இல்லை. கடைசியாகச் சொன்ன விதியை நம் ஊரில் அழுத்திச் சொல்லியாக வேண்டும். கறிக்கடையிலிருந்து கோழிக் கழிவை வாங்கி வந்து வேகவைக்காமல் நாய்க்குப் போடும் பழக்கம் வசதியுள்ள வீடுகளிலும் உண்டு. சால்மோனெல்லா கிருமி வார்டுக்குள் வருவதற்கு அது திறந்த வழி. இவற்றோடு எலிக்காய்ச்சலையும் சேர்த்துத் தடுக்கும் ஆண்டுத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணியின்மை ஆகியவற்றுக்குக் கால்நடை மருத்துவரின் சான்று இருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு, தீக்காயப் பிரிவு, அறுவைசிகிச்சை அரங்கம், தனிமைப்படுத்தும் அறை, பிரசவ வார்டு, சமையலறை ஆகிய இடங்களுக்கு எந்த நாயும், எவருடைய பரிந்துரையின் பேரிலும், செல்லக் கூடாது.

"மணி வார்டுக்குத் தகுதியான நாய்" என்று சோதித்து எழுதித்தர எனக்கு ஓர் அரசு அலுவலகமும் கிடைக்கவில்லை. தடுப்பூசிக்குச் சான்று கிடைக்கிறது, வளர்ப்பதற்கு உரிமம் கிடைக்கிறது, குணத்திற்குச் சான்று தர ஆளில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம்மிடம் இருக்கும்போது இது பெரிய சிக்கலாக இருக்க வேண்டியதில்லை. வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக்கு இருமுறை இச்சோதனையை நடத்தலாம். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப், நாயின் நன்னடத்தையை அறிய 1989 முதல் நடத்திவரும் பத்து அம்சச் சோதனை நல்ல முன்மாதிரி. அதை நம் வார்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னால் எவர்சில்வர் தட்டு விழும்போது நாய் என்ன செய்கிறது, சலைன் ஸ்டாண்டு உருண்டு வரும்போது ஒதுங்குகிறதா, ஊன்றுகோல் ஊன்றி நடப்பவரைக் கண்டு குரைக்கிறதா, பக்கத்துக் கட்டிலில் பிரிக்கப்படும் பிரியாணிப் பொட்டலத்தை நோக்கி இழுக்கிறதா? கடைசிச் சோதனையில் மணி இருமுறை தோற்றது. மூன்றாம் மாதம்தான் தேறியது. நாட்டு இனங்களின் மேல் எனக்குப் பெரும் மதிப்புண்டு என்றாலும், நான் பழகிய ராஜபாளையம் எதுவும் தன் வீட்டாரைத் தவிர மற்றவர் கையை விரும்பியதில்லை. அவற்றை இதற்கு இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. தெருவில் பிறந்து வீட்டில் வளர்ந்த நாட்டு நாய்களில் பொறுமைசாலிகள் பலவற்றைக் கண்டிருக்கிறேன்.

நாயின் நலனும் ஆணையில் இடம்பெற வேண்டும். அது விரும்பி வந்த தன்னார்வலர் அன்று. நான் அழைத்து வந்ததால் வந்தது. அடிக்கடி கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் களைப்பின் அடையாளங்கள். அவற்றைக் கண்டவுடன் வெளியேற வேண்டும், இன்னும் மூன்று கட்டில்கள்தானே என்று இழுக்கக் கூடாது. ஒரு வருகைக்கு ஒரு மணி நேரமே உச்ச வரம்பு.

தன்னார்வலர்களாகிய எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் சிலருக்கு நோயாளியைவிடக் கைப்பேசிதான் முக்கியம். நாயின் மேல் கை வைத்துச் சிரிக்கும் மூதாட்டியின் முகத்தை அவர் அறியாமலே ரீல்ஸாக்கி, பின்னணி இசையும் சேர்த்துப் பரப்புகிறார்கள். வார்டுக்குள் படமெடுப்பவரை முதல் தடவையிலேயே நிரந்தரமாக நீக்கும் விதி வேண்டும். இதில் எச்சரிக்கை, விளக்கம் கேட்டல் என்ற படிகளே தேவையில்லை.

"மருந்து வாங்கவே வரிசை, படுக்கைக்கே தட்டுப்பாடு, இதில் நாய் ஒன்றுதான் குறைச்சல்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மணி முதன்முதலாக வார்டுக்கு வந்த அன்று அங்கிருந்த பெண் பணியாளர், "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில வச்ச கதையா, நடுவார்டுல வச்சாச்சு" என்றார், நானும் சிரித்துவிட்டேன். அவருடைய எரிச்சலில் ஓர் உண்மை இருந்தது. நாய் வந்து போனபின் தரையைத் துடைக்க வேண்டியவர் அவர்தான். இந்தச் சேவை அரசுக்குச் செலவில்லாதது என்று சொல்வது எளிது; செவிலியரின் பத்து நிமிடமும் துப்புரவுப் பணியாளரின் உழைப்பும் செலவே. ஆகவே துடைப்பது, விரிப்பை எடுத்துச் செல்வது, கை சுத்திகரிப்பான் கொண்டுவருவது எல்லாம் தன்னார்வலரின் பொறுப்பு என்று ஆணையிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு செவிலியர் மட்டும் பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பாளராக இருக்கட்டும். அவர் வேண்டாம் என்ற நாளில் நாங்கள் வாயிலிலேயே திரும்பிக்கொள்கிறோம்.

மாநிலத்தின் 36 அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரே நாளில் ஆணையிடுமாறு நான் கேட்கவில்லை. மூன்று இடங்களில் ஓராண்டு நடத்திப் பாருங்கள். நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் ஒன்று. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் ஒன்று. ஆதரவு சிகிச்சை வார்டு உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்று. எத்தனை பேர் விரும்பினர், எத்தனை பேர் மறுத்தனர், கீறலோ கடியோ தொற்றோ நேர்ந்ததா என்பதை மாதந்தோறும் பதிவு செய்யட்டும். ஓராண்டு முடிவில் கணக்கு எங்களுக்கு எதிராக இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஏன் நிறுத்தப்பட்டோம் என்பது அப்போது எழுத்தில் இருக்கும். ஆணை கால்நடை பராமரிப்புத் துறையுடன் இணைந்து வெளிவர வேண்டியது என்பதால் இம்மடலின் நகலை அத்துறையின் செயலாளருக்கும் அனுப்புகிறேன்.

அந்த ஓட்டுநர் இப்போது வீடு திரும்பிவிட்டார். அவருடைய ஊர் எங்களுக்குத் தொலைவு. சனிக்கிழமைகளில் மணியும் நானும் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போய்வருகிறோம். அங்கே வாயிலில் யாரும் எழுத்து கேட்பதில்லை, அதுவும் சரியன்று என்பதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். மணியின் தடுப்பூசி அட்டை, குடற்புழு நீக்கப் பதிவு, மாநகராட்சி உரிமம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். சோதனைக்கு எந்தக் கல்லூரிக்கு அழைத்தாலும் சொந்தச் செலவில் வந்து நிற்போம். காலை ஒன்பது மணிக்குள் என்றால் நலம். அதற்குப் பிறகு தார்ச்சாலை மணியின் பாதத்தைச் சுடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மணியுடன் வரும் தன்னார்வலர்